எதிர் வீட்டு நிலாப் பலகாரம்

தங்கையின் பிரசவத்துக்காக 2023 செப்டம்பரில் சிங்கப்பூர் போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானத்தில் அத்தனை நேரம் உட்கார முடியாது. அதனால் இவரையும் பத்தாவது படிக்கும் மகளையும் மாமியார் பொறுப்பில் விட்டுவிட்டு நான் கிளம்பினேன். பத்தியச் சமையல், பச்சைக் குழந்தை என்று பொழுது சரியாக இருந்தது. ஊர் சுற்ற நேரமில்லை. ஆனாலும் சீனர்களின் பண்டிகை ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதுவும் எங்கே? எதிர் வீட்டில்!

தங்கை வீடு தோ பாயோவில், பதினோராவது மாடி. எதிர் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய சீன அம்மாள் ஒருத்தர் தனியாக இருக்கிறார். அங்கே வயதில் மூத்த பெண்களை எல்லாரும் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் ஆன்ட்டி கதவைத் தட்டி, சிவப்பு நிற டப்பா ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். நம் ஊர் வெற்றிலைப் பாக்குத் தட்டை நீட்டுவது மாதிரியே இருந்தது.

திறந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் நாலு பலகாரம். வட்டமாக, பொன்னிறமாக, மேலே பூவும் சீன எழுத்துமாக அச்சுப் பதித்து, பார்க்கவே ஆசையாக இருந்தது. இதுதான் 'மூன் கேக்'. நிலாப் பலகாரம் என்று சொல்லலாம்.

"அக்கா, பழைய முறையில் செய்தால் இதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. உள்ளே வாத்து முட்டை வேற இருக்கு" என்றாள் தங்கை.

எனக்கோ புரட்டாசி மாசம். முட்டை கூடத் தொட மாட்டேன். டப்பாவை மூடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் தள்ளி வைத்துவிட்டேன். மறுநாள் லிஃப்டில் ஆன்ட்டி, "நல்லா இருந்ததா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருந்தது" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க மனசு உறுத்தியது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் தங்கை கணவர் சைனா டவுனுக்கு அழைத்துப் போனார். அங்கே 'பகோடா தெரு' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் வெங்காயப் பக்கோடா விற்கும் தெரு என்றே நினைத்தேன்! விஷயம் வேறு. அதன் முனையில் நம் ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827-இல் தோன்றிய கோயில். அதன் கோபுரத்தை வைத்துத்தான் தெருவுக்கு அந்தப் பெயராம். அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் தெருவெங்கும் காகித விளக்கு, கடை கடையாக நிலாப் பலகாரம்.

எத்தனை விதம் என்கிறீர்கள்! அதிகம் விற்பது கான்டன் முறைப் பலகாரம். வேகவைத்த தாமரை விதையை அரைத்து, சர்க்கரையும் எண்ணெயும் விட்டு அல்வாப் பதத்தில் கிளறுகிறார்கள். அதன் நடுவே உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவை வைத்து, மெல்லிய மாவுக்குள் பொதிந்து, மர அச்சில் அழுத்தித் தட்டி எடுத்துச் சுடுகிறார்கள். வெட்டினால் நடுவில் மஞ்சளாக அந்தக் கரு. அதுதான் பௌர்ணமி நிலாவாம். தியோச்சு சீனர்கள் சேப்பங்கிழங்கை இனிப்பாகக் கிளறி, அடுக்கடுக்காகப் பொரியும் மாவுக்குள் வைக்கிறார்கள். சுடாமல் ஒட்டும் அரிசி மாவில் செய்து குளிர வைப்பதும் உண்டு. குழந்தைகளுக்கு என்று, சின்னக் கூடைக்குள் பன்றிக்குட்டி உருவத்தில் பிஸ்கட்டும் தொங்குகிறது.

சீனர்களின் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், பௌர்ணமியன்று இந்தப் பண்டிகை. சந்திரனுக்குப் பலகாரம் படைப்பது பழைய வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் மிங் அரசர்கள் காலத்தில், இதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டத்தைக் குறிக்கும் 'யுவான்' என்ற சொல், குடும்பம் ஒன்றுகூடுவதைக் குறிக்கும் 'துவான் யுவான்' என்ற சொல்லிலும் இருக்கிறது. மங்கோலியர்களை எதிர்த்துக் கிளம்பியவர்கள் இந்தப் பலகாரத்துக்குள் ரகசியச் சீட்டு வைத்து அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. 1368-இல் மங்கோலியர் ஆட்சி போனது நிஜம். சீட்டு விஷயம் மட்டும் கதைதான் என்கிறார்கள்.

செப்டம்பர் 29, பண்டிகை நாள். ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜன்னலோரம் மேஜையில் பலகாரம், உரித்த பம்ளிமாஸ், சர்க்கரை போடாத தேநீர். வெளியே வட்ட நிலா. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானும், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரும் பேசினோம்.

சந்திரனில் இருக்கும் சாங்-அ என்ற தேவதையின் கதையைச் சொன்னார். வானத்தில் பத்துச் சூரியன் எரிந்தபோது ஒன்பதை அம்பால் வீழ்த்திய வீரன் ஹோ யீ. அவனுக்குக் கிடைத்த அமிர்தத்தை ஒரு துஷ்டன் பறிக்க வந்தான். அவன் கையில் சிக்கக் கூடாதென்று மனைவி சாங்-அ தானே குடித்துவிட்டாள். குடித்ததும் மேலே பறந்து சந்திரனில் தங்கிவிட்டாள். கணவன் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குப் பிடித்த பண்டங்களை நிலா வெளிச்சத்தில் வைத்துக் காத்திருந்தானாம். கேட்கும்போது எனக்கு வீட்டு நினைவு வந்து தொண்டை அடைத்தது.

ஆன்ட்டி கத்தியை எடுத்துப் பலகாரத்தை நாலாக வெட்டினார். "ஒண்ணு எனக்கு. ஒண்ணு ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் மகனுக்கு. ஒண்ணு போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு. இது உனக்கு."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆன்ட்டி, மன்னிக்கணும். அன்னைக்குப் பொய் சொன்னேன். நீங்க கொடுத்ததை நான் சாப்பிடலை. இந்த மாசம் எங்களுக்கு விரதம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வாடிப் போகும் என்று பயந்தேன். அவரோ சிரித்துவிட்டார். "என் மகன் மட்டும் சாப்பிடவா போறான்? அவனுக்கும்தான் வெட்டி வைக்கிறேன். பங்கு இருக்கணும். அவ்வளவுதான்" என்றார். என் பங்கை நகர்த்தி வைத்துவிட்டு, பம்ளிமாஸ் சுளையை என் கையில் கொடுத்தார். பிறகு, "உன் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் வைக்கலையே!" என்று இன்னொரு பலகாரத்தை வெட்டி இரண்டு துண்டு எடுத்து வைத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தோழியரே, இந்தப் பண்டிகைச் சமயத்தில் சிங்கப்பூர், மலேசியா பக்கம் போனால் ஒன்று கவனியுங்கள். சைவமாகச் செய்ததும் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம். இரண்டு கரு வைத்த பெரிய பலகாரம் ஒன்றில் ஏறக்குறைய 800 முதல் 1000 கலோரி இருக்கும். எட்டுச் சப்பாத்திக்குச் சமம்! சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மற்றவர்களும் எட்டில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு துண்டாகப் பகிரத்தானே அது!

ஊர் திரும்பினேன். தீபாவளிக்கு அதிரசம் சுட்டபோது, சாமிக்குப் படைத்த கையோடு தங்கைக்கு இரண்டு, ஆன்ட்டிக்கு ஒன்று என்று பெயர் சொல்லித் தனியாக எடுத்து வைத்தேன். "யாரும்மா இதைச் சாப்பிடப் போறாங்க?" என்றாள் மகள். மறுநாள் அவளே சாப்பிட்டும் விட்டாள். போகட்டும், பங்கு வைத்தாயிற்று.