அருகே நிற்றல்

மன்னார்க் கரையிற் பிறந்தவனுக்கு ஸ்பானிய மொழி முற்றிலும் அந்நியமானதன்று. 1560ஆம் ஆண்டில் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்து அகன்றனர். அவர்தம் சொற்களோ எம் வீடுகளை விட்டு அகலவில்லை. மேசை, சப்பாத்து, துவாய், குசினி எனச் சிலாவத்துறையில் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களின் உடன்பிறப்புக்களை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஸ்பானிய மாலை வகுப்பிற் சேர்ந்தபோது, மேசா, ஸப்பாத்தோ, தொவாயா, கொசீனா என்னும் வடிவங்களிற் கண்டு மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி விரைவிலேயே செருக்காயிற்று. ஒருநாள் வகுப்பில் அமர இடமின்றி நின்றபோது, நமது 'கதிரை'யை நம்பிக் 'கதேரா' ஒன்று வேண்டுமெனக் கேட்டேன். வகுப்பே நகைத்தது. போர்த்துக்கேயத்தில் நாற்காலியைக் குறித்து நம்மிடம் வந்த சொல்லின் உடன்பிறப்பு, ஸ்பானியத்தில் இடுப்பைக் குறிக்கின்றது. இத்தகையனவற்றை மொழியியலார் 'போலி நண்பர்கள்' என்பர்.

அப்பிழை சிரிப்போடு போயிற்று. அடுத்த பிழை அவ்வாறு போகவில்லை.

'அசிஸ்தீர்' என்பது ஓர் ஒழுங்கான வினை. வாய்பாட்டினின்று இம்மியும் பிறழாது விகுதிகளை ஏற்கும். ஆங்கிலத்தில் 'அசிஸ்ட்' என்பது உதவுதலாதலின் இதுவும் அதுவே எனத் துணிந்தேன். விகுதிகளை மனனஞ் செய்தேன். பொருளை அகராதியிற் பார்த்தேனல்லேன். இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம் எழுதுமாறு ஆசிரியை பணித்தபோது, அண்மையிற் காலமான என் பாட்டனாரின் நல்லடக்கத்திற்கு 'அசிஸ்தீ' என்று எழுதினேன். தேர்வு நெருங்கியிருந்தமையால் நான் ஊர் சென்றிருக்கவில்லை. செலவுக்குப் பணம் அனுப்பியிருந்தேன். உதவினேன் என்பதே நான் கருதிய பொருள்.

ஆசிரியை அதனை வாசித்துக் குரலைத் தாழ்த்தி, "அவ்வளவு தூரம் போய் வந்தீர்களா? எப்போது திரும்பினீர்கள்?" என வினவினார். போகவில்லை என்றேன். உதவுதலுக்கு 'அயுதார்' என வேறொரு வினை உண்டென்றும், ஒரு நிகழ்ச்சிக்கு 'அசிஸ்தீர்' என்றால் அங்கே சமுகமளித்தல் என்றும் அவர் விளக்கினார். என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவுமில்லை; அது கூறிய செய்திதான் பொய்.

அன்றிரவு சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினேன். அருகே நிற்றல் எனப் பொருள்படும் ஓர் இலத்தீன் வினையினின்றே இரு சொற்களும் பிறந்துள்ளன. ஆங்கிலம் உதவியை எடுத்துக்கொண்டது. ஸ்பானியம் பெரும்பாலும் உடனிருத்தலைப் பேணிற்று. நோயாளியைக் குறித்து வருமிடத்து ஸ்பானியத்திலும் அது பராமரித்தலைச் சுட்டும். நாமும் உதவுதலைத் 'துணைநிற்றல்' என்கிறோமல்லவா?

சிலாவத்துறை முத்துக்குளிப்பாற் பெயர் பெற்ற ஊர். குளிகாரன் கல்லின் கனத்தால் ஆழத்துக்கு இறங்குவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்பான். கீழிருந்து கயிறு அசையும்வரை அவனுக்கு வேலையில்லை. ஆயினும் இடம்விட்டு அகலலாகாது. முத்துக்குளிப்பு ஓய்ந்த பிற்காலத்தில், சங்கு குளிக்கச் சென்றோருக்குக் கயிறு பிடித்தவர் என் பாட்டனார். சும்மா நிற்பதும் ஒரு தொழிலா எனச் சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "மேல ஒருத்தன் நிக்கிறான் எண்ட நினைப்பிலதான் மகன், கீழ போறவன் மூச்சை அடக்குறான்" என்றார்.

அயல்மொழி கற்போர் ஒழுங்கற்ற வினைகளுக்கே அஞ்சுவர். அவையோ தம் கடுமையை முன்னரே அறிவித்துவிடுகின்றன. ஒழுங்கான வினையோடுதான் நாம் எச்சரிக்கையின்றிப் பழகுகின்றோம்.

அடுத்த வகுப்பில் வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்தேன். 'அயுதார்' என்னும் வினையை இட்டிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். நான் வினையை மாற்றவில்லை. அதன் முன் 'நோ' என்னும் எதிர்மறைச் சொல்லை மட்டும் சேர்த்தேன்.