கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு

கிளட்ச் வேலைக்குப் பட்டறையில் விட்ட பழைய லாரி, அந்த வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வீடு திரும்புவது அபூர்வம். தூத்துக்குடியில் லாரி வைத்திருக்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள். வண்டியை விட்ட மறுநாள் மத்தியானம் மேஸ்திரி கூப்பிடுவார். "அண்ணாச்சி, கியர்பாக்ஸ இறக்கியாச்சு. பின் சீல் கசியுது. இறக்கினதோட அதையும் பாத்துருவோமா?" லாரிக்காரருக்கு இது செலவுக் கணக்கு. எனக்கோ, திறந்துகிடக்கிற ஒன்றின் முன்னால் நிற்கும் மனிதன் எதுவரை கை வைக்கலாம் என்ற கேள்வியாகவே இது படுகிறது. அதனால்தான் எங்கே கிளட்ச் வேலை நடந்தாலும் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

என் மாமாவிடம் ஒரு டாடா 1210 இருந்தது. முள்ளக்காட்டு உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போய்வரும். உப்பு லாரியின் பாடு மற்ற லாரிகளின் பாடு அல்ல. மூட்டைகளை இறக்கி, தார்ப்பாயை உதறி, தண்ணீர் அடித்துக் கழுவினாலும் சேஸிஸின் இடுக்குகளில் உப்பு தங்கிவிடும். இரவில் கடற்காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பகலில் காயும், மறுபடி நனையும். இப்படியே போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று பிடித்து ஒரே இரும்பாகிவிடும். உள்நாட்டு ஊர்களில் ஸ்பானர் போட்டதும் கழல்கிற நட்டுக்கு இங்கே முதல் நாள் சாயங்காலமே டீசல் ஊற்றி ஊறப்போட வேண்டும். அதற்கு வராததைக் கேஸ் வைத்துச் சூடாக்குவார்கள். அதற்கும் மசியாததை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்துக்கு. அந்தப் பெருமைக்கான விலையை லாரிகளின் அடிப்பாகம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்தக் கரையில் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதே ஒரு பெரிய வேலை. கூலியைவிட வண்டி நிற்கிற நாள் பெரிய செலவு. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பு வாருவது நின்றுபோகும். அதற்குள் ஓடினால்தான் உண்டு. ஒருமுறை இறக்கிய பிறகு அந்தச் சந்தர்ப்பத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

ஆரியங்காவு ஏற்றத்தில்தான் மாமாவின் வண்டி மக்கர் செய்தது. எஞ்ஜின் கத்துகிறது, சக்கரம் கேட்கவில்லை, கேபினுக்குள் கருகல் நெடி. எப்படியோ ஊர் வந்து சேர்ந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர்பாக்ஸைச் சங்கிலி போட்டு இறக்கி, பிரஷர் பிளேட்டை எடுத்தார்கள். எல்லோரும் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தபோது மேஸ்திரி வேறொன்றைச் செய்தார். பெல் ஹவுசிங்கின் அடியில் தேங்கியிருந்த எண்ணெயை விரலால் தொட்டு முகர்ந்தார். என்னிடமும் விரலை நீட்டினார். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு காட்டமான நெடி உண்டு. அந்த நெடி அடித்தால் கசிவு கியர்பாக்ஸின் முன் சீலில். கறுத்துப்போய், அந்தக் காட்டம் இல்லாமல் கரிப்புகை வாசம் மட்டும் அடித்தால் அது எஞ்ஜின் ஆயில்; கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அன்று அவர் விரலில் இருந்தது கறுப்பு. பிளேட்டின் லைனிங் எண்ணெயில் ஊறிப் பளபளத்திருந்தது. புதுப் பிளேட்டை மட்டும் மாட்டி மூடினால் அதுவும் இதே கதிக்கு வரும். பின் சீலை மாற்றுவதற்கு மாமா யோசிக்கவே இல்லை.

சீலை எட்ட ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அது தரைக்கு வந்ததும் நான் பார்த்த ஒன்றை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. ஃப்ளைவீலின் விளிம்பைச் சுற்றி ரிங் கியர் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் கடித்துச் சுழற்றுவது அதன் பற்களைத்தான். அந்தப் பற்கள் எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருக்கவில்லை. மூன்று இடங்களில் மட்டும் மழுங்கிப்போய், இடையில் இருந்தவை புதுசாகவே இருந்தன. ஆறு சிலிண்டர் எஞ்ஜின் அணையும்போது கண்ட இடத்தில் நிற்பதில்லையாம். உள்ளே அமுங்கிய காற்று எதிர்த்துத் தள்ள, ஒரு சுற்றில் மூன்று இடங்கள்தான் அதற்கு வாய்க்கும்; அவற்றில் ஏதோ ஒன்றில் வந்து நிற்கும். மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் கடிப்பதும் அதே இடத்தைத்தான். வருஷக்கணக்கில் அதே பற்களே கடி வாங்கியிருக்கின்றன. இவ்வளவு பெரிய எஞ்ஜினுக்குத் தான் ஓய்வெடுக்க மூன்றே மூன்று இடங்கள் இருக்கின்றன என்பதைக் கேட்டு அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மேஸ்திரி புது ரிங் வாங்கச் சொல்லவில்லை. ரிங்கைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடாக்கினார். இரும்பு விரிந்ததும் தட்டிக் கழற்றினார். தேயாத பற்கள் அந்த மூன்று இடங்களுக்கு வரும்படி கொஞ்சம் நகர்த்தி மாட்டினார். ஆற ஆற ரிங் தானாக இறுகிக்கொண்டது. "இத இப்ப விட்டா, இதுக்குன்னு மறுபடி கியர்பாக்ஸ இறக்கணும்லா" என்றார். கிராங்க்கின் முனையில் பதிந்திருக்கும் பைலட் பேரிங்கையும் அதே காரணத்துக்காக மாற்றினார். அதன் விலை சொற்பம், அதை எட்டுவதற்கான கூலியோ முழுக் கூலி. ஃப்ளைவீலின் முகத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. அதை லேத்துக்கு அனுப்பினார்.

பழைய எஞ்ஜின்கள் சிலவற்றில் பின் சீல் இருக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கிடையாது. கிராஃபைட் ஏற்றிய முறுக்குக் கயிற்றைத்தான் அடைத்திருப்பார்கள். அதிகம் இறுகினால் கருகும், தளர்ந்தால் கசியும். அதைக் கேள்விப்பட்டபோது எங்கள் ஊர்த் தோணி வேலைதான் நினைவுக்கு வந்தது. தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும். அப்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவே திரித்த பஞ்சை உளி வைத்து அடித்துச் செலுத்துவார்கள். கலப்பத்து வேலை என்பார்கள். கடலை வெளியே நிறுத்துவதற்குப் பஞ்சுத் திரி, எண்ணெயை உள்ளே நிறுத்துவதற்குக் கயிறு. இரண்டிலும் கையின் அளவுதான் அளவு.

மாமாவின் வண்டிக்குத் திரும்புகிறேன். மேஸ்திரி கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்தார். இலேசாக அசைந்தது. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னால் தள்ளப்படும்; அந்தத் தள்ளலைத் தாங்குவது த்ரஸ்ட் வாஷர். பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டும் டிரைவர் கையில் அது சீக்கிரம் தேயும். அதை மாற்ற, எஞ்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப் இறங்க வேண்டும். சம்ப் இறங்கினால் மெயின் பேரிங்கைப் பார்க்கத் தோன்றும். அதைப் பார்த்தால் கனெக்டிங் ராட் பேரிங்கை ஏன் விட வேண்டும்? அதுவரை போனவர்கள் பிஸ்டனையும் லைனரையும் விடுவார்களா? கிளட்சுக்கு வந்த வண்டி முழு எஞ்ஜின் வேலைக்குள் போய் விழுவது இப்படித்தான். ஒவ்வொரு படியிலும் சொல்லப்படும் நியாயம் ஒன்றேதான்: இவ்வளவு தூரம் வந்தாச்சு. இந்த வார்த்தையால் வண்டியையே விற்றவர்களை எனக்குத் தெரியும்.

மேஸ்திரி கேஜ் வைத்து அளந்தார். "அளவுக்குள்ளதான் இருக்கு. சம்பத் தொடண்டாம். அதுக்கு வேற வாசல் இருக்கு அண்ணாச்சி. என்னைக்கு வேணும்னாலும் அடியில படுத்துக் கழட்டிக்கிடலாம்." அவர் சொன்ன அந்த வேற வாசலை நான் விடவே இல்லை. இந்த வாசல் வழியாக மட்டும் கை எட்டுவது எது, தனக்கென்று வேறு வாசல் உள்ளது எது என்று பிரித்துவிட்டால், கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி, திறப்பதற்கு முன்னால் விலை பேசுவதைப் பற்றியது. "தெறக்காம எப்படிச் சொல்ல?" என்று அவர் முதல் நாள் கேட்டார். இதே ஊரில் திறக்காத ஒன்றுக்கு விலை சொல்வது ஒரு காலத்தில் பெரிய வியாபாரமாகவே இருந்திருக்கிறது. முத்துக் குளிப்பில் கரைக்கு வந்து குவியும் சிப்பிகளில் பெரும்பங்கு அரசுக்கு, மிச்சம் குளித்தவர்களுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுப்பவர் அதில் ஒரு சிப்பியைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். வாங்கிக்கொண்டு போய், அழுகவிட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, கழுவி அலசினால்தான் தெரியும், தலையெழுத்தா வெறும் ஓடா என்பது.

ஆனால் அந்த வியாபாரம் கண்ணை மூடிக்கொண்டு நடந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்குக் குளிப்பையும் பற்றி 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் காலத்துப் பதிவுகளைப் படிக்கையில் முத்தின் அழகைப் பற்றிய பக்கங்களில் என் மனம் நிற்பதில்லை. முத்துக் குளிப்புக்கு முன்னால் நடந்த சோதனையில்தான் நிற்கிறது. தொலையாயிரம் பார் முதலான கடலடிச் சிப்பிப் பார்களுக்குப் படகில் போவார்கள். குளிப்பவர்களை இறக்கிச் சிப்பியின் வயதையும் நெருக்கத்தையும் பார்ப்பார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து வந்து, கழுவி, கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். விஷயம் தெரிந்த வியாபாரிகளைக் கொண்டு மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று தேறினால் முத்துக் குளிப்பு அறிவிக்கப்படும். தேறவில்லையா, சிப்பி இளசா, அந்தப் பாரைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். கொஞ்சத்தைத் திறந்து பார்த்ததால் ஒரு பார் முழுவதும் அந்த வருஷம் பிழைத்துப்போகும்.

கடைசியாக 1955-இல் தொடங்கி 1961 வரை குளித்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்தார்கள். அதிலும் எனக்குப் பிடித்தது அந்தத் திறப்புதான். சிப்பியை இலேசாக வாய் திறக்கச் செய்து, சின்ன ஆப்பு ஒன்றைச் சொருகி, அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே உருண்டைக் கருவையும் ஒரு துளித் திசுவையும் வைக்க வேண்டும். பேராசைப்பட்டு அகலத் திறந்தால் ஓடுகளை இழுத்துப் பிடிக்கும் தசை கிழியும், சிப்பி செத்துப்போகும்.

எது எந்த வாசலில் எட்டும் என்று பிரிக்கிற விவேகம் விசைப்படகுக்காரர்களுக்குப் பழக்கத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றுவார்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கிற பலகை, சுக்கான், புரொப்பல்லர், அதன் ஷாஃப்ட், ஷாஃப்ட் ஓடும் புஷ் ஆகியவற்றுக்குத்தான் முதல் கவனிப்பு. வின்ச்சையும் மேல்தட்டையும் மிதக்கிற படகிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பிந்தி வைப்பார்கள். கரையேற்றின நாளில் மட்டும் கை எட்டுவது எதுவோ அதை, எது முதலில் என்று கேட்காமலே முதலில் செய்கிறார்கள்.

லாரிக்காரர்கள்தான் இன்னும் ஏலம் எடுக்கிறவர்களாகவே இருக்கிறார்கள். கிளட்ச் வேலைக்கு மொத்தமாக இவ்வளவு என்று வாசலிலேயே பேசி முடிக்கிறார்கள். அப்படிப் பேசிவிட்டால் மேஸ்திரிக்கு இரண்டே வழிதான். கண்ணில் பட்ட தேய்மானத்தைச் சொல்லாமல் மூட வேண்டும். இல்லையென்றால், போன் போட்டுக் கணக்கை ஏற்ற வேண்டும். ஏற்றினால் உரிமையாளருக்குச் சந்தேகம். சொல்லாமல் மூடினால் அடுத்த ஏற்றத்தில் டிரைவருக்குச் சங்கடம்.

ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் இறக்கி ஏற்றுகிற கூலியை மட்டும் பேசுங்கள். ஃப்ளைவீல் தரைக்கு வருகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். பின் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ரிங் கியர், ஃப்ளைவீல் முகம் இவற்றில் தேறாதது எதுவானாலும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இன்ஜெக்டர் என்று யாராவது அடுக்கினால் அதற்கெல்லாம் வேறு வாசல் இருக்கிறது என்று சொல்லுங்கள். அளந்து பார்த்து, தொட வேண்டாம் என்று சொல்லுகிற மேஸ்திரிக்கு அந்த அளந்து பார்த்ததற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். கழற்றினால்தான் காசு என்று நாம் வைத்திருக்கும் வரை, சம்பைத் தொடாமல் விடுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.