தபாலில் வந்த அலங்காரம்

கொல்கத்தா மாநகரின் வடபகுதியில், ஹூக்ளி என்ற பெயர் தாங்கிக் கங்கை ஓடும் கரையை ஒட்டி, குமார்டுலி என்றொரு பேட்டை இருக்கிறது. குயவர் பேட்டை என்பது அதன் பொருள். சாரதா நவராத்திரிக்கு மூன்று மாதம் முன்பே, ஜகந்நாதரின் ரத யாத்திரை நாளில், அங்கே மூங்கில் சட்டத்துக்குப் பூஜை நடக்கிறது. பிறகு வைக்கோலைச் சணல் கயிற்றால் சுற்றி உருவம் கட்டுகிறார்கள். அதன்மேல் பிசுபிசுப்பான களிமண், அதற்கும் மேல் மென்மையான மண், வெள்ளைப் பூச்சு, வண்ணம் என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. பனமாலி சர்க்கார் தெருவிலும் அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் தலையில்லாத சிம்மங்களும், கைகள் மட்டும் தனியே உலரும் தேவியரும் வரிசையாக நிற்கும் காட்சியைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள்.

வருபவர்களில் பெரும்பாலோர் மண் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதே சந்துகளில், சற்று உள்ளே தள்ளி, அகலம் குறைந்த கடைகளில் தரையில் அமர்ந்தபடி அட்டையும் கத்தரியும் பசையுமாக வேலை செய்வோர் பக்கம் அதிகம் பேர் திரும்புவதில்லை. அம்பிகைக்கு நகை செய்பவர்கள் அவர்கள்தாம். பொன்னாலன்று, பளபளக்கும் மெல்லிய உலோகத் தாளால்.

வங்கத்தில் துர்க்கையை மகளாகப் பாவிப்பது மரபு. கயிலையில் சாம்பல் பூசிய கணவரோடு வாழும் உமை, ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். சஷ்டி முதல் தசமி வரை ஐந்து நாள் தங்கித் திரும்புகிறாள். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கழுத்தோடு அமர வைப்பார்களா? ஆகவேதான் அங்கே அலங்காரத்துக்கு இத்தனை முக்கியத்துவம். அதற்கு அவர்கள் மொழியில் ‘சாஜ்’ என்று பெயர். பழைய முறையில் சாஜ் இரு வகை. வெண்ணிறத் தக்கையில் செய்வது ஒன்று. அதற்கு ‘ஷோலார் சாஜ்’ என்று பெயர். மற்றொன்று மின்னும் தாளில் செய்வது. அதன் பெயர்தான் வியப்புக்குரியது: ‘டாகேர் சாஜ்’.

டாக் என்றால் தபால். டாக் பங்களா என்ற சொல்லை அறியாத முதியவர் நம்மிடையே இருக்க முடியாது, அதே டாக்தான். ஆங்கிலேயர் காலத்தில், அம்மனின் அணிகலன்களுக்காக மிக மெல்லியதாகத் தட்டப்பட்ட வெள்ளித் தகடு ஜெர்மனியிலிருந்து தபாலில் கொல்கத்தாவுக்கு வந்தது. தபாலில் வந்ததால் அது தபால் அலங்காரம் ஆயிற்று. அயல்நாட்டுப் பண்டம் ஒன்று அம்பிகையின் திருமுடியில் ஏறியதும், அதன் பெயரையே வழிபாட்டுச் சொல்லாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஜெர்மானியத் தகடு வருவது நின்று எவ்வளவோ காலமாகிறது. இப்போது பொருள் படாபஜார் மொத்தக் கடைகளில் கிடைக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

மின்னும் அந்தத் தாளை வங்காளிகள் ‘ராங்தா’ என்கிறார்கள். ‘ராங்’ என்பது வெள்ளீயம். வடமொழியில் வெள்ளீயத்துக்கு ரங்கம் என்று பெயர். வங்கம் என்றும் பெயர் உண்டு. வங்க நாட்டின் அம்மனுக்கு வங்கத்தாலேயே நகை அமைந்தது சொல் ஒற்றுமை மட்டுமே என்றாலும், கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

செல்வர் வீடுகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட காலம் அது. ஜோராசாங்கோவில் சிவகிருஷ்ண தாவ் என்ற வணிகர் வீட்டுப் பூஜையில் தேவியின் ஆடை அணிகளுக்கு ஐரோப்பாவிலிருந்தே சரக்கு வரவழைக்கப்பட்டது. அம்மன் பூமிக்கு வந்ததும் முதலில் தாவ் வீட்டில் நகை அணிந்துகொள்வாள், குமார்டுலி அபய சரண் மித்ரர் வீட்டில் உணவு உண்பாள், ஷோபாபஜார் அரண்மனையில் இரவு முழுதும் நாட்டியம் பார்ப்பாள் என்று நகரத்தார் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு இன்றளவும் வழங்குகிறது. பக்தியோடு பகட்டும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் பகட்டுக்காக வந்த தாள் ஏழைக் கைகளுக்குத் தொழிலாக நிலைத்துவிட்டது.

வேலை நடக்கும் விதம் நின்று பார்க்கத் தகுந்தது. கிரீடத்தின் வடிவத்தை முதலில் தடித்த அட்டையில் வரைந்து வெட்டுகிறார்கள். அதன்மேல் பசை தடவி மின்தாளை ஒட்டுகிறார்கள். அத்துடன் நிறுத்தினால் அது கண்ணாடித் துண்டு போல் தட்டையாக ஒரே பக்கம் மின்னும், அழகிராது. ஆகவே தாளின் சிறு துண்டுகளை மடித்தும், சுருக்கியும், மொட்டு மொட்டாக அழுத்தியும் இதழ்களும் கொடிகளும் செய்து அடுக்குகிறார்கள். அவற்றின் விளிம்பில் முறுக்கிய சரிகைக் கம்பி, இடையிடையே சம்கி வில்லைகள், நுனியில் மணிகள். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு கோணத்தில் ஒளியை வாங்கித் திருப்பும்படி அமைவதில்தான் கைத்திறன் இருக்கிறது. மின்விளக்கு வராத காலத்தில், எண்ணெய் விளக்கின் அசையும் சுடருக்கென்று அமைந்த வேலை இது. மாலை ஆரத்தியில், தூபக்கலசத்தின் குங்கிலியப் புகை கூடத்தில் நிறையும் வேளையில், தேவியின் திருமுடி முழுதும் உயிருள்ளது போல் சிமிட்டுவதைக் கண்டவர்கள் இதன் நோக்கத்தை உடனே உணர்வார்கள். பகல் வெளிச்சத்தில் கடையில் தொங்கும்போது அதே கிரீடம் சாதாரணமாகத்தான் தெரியும்.

கிரீடம் மட்டுமன்று; தோடு, அட்டிகை, பதக்கம், வங்கி, வளையல், இடையணி, ஆடையின் முன்புறத்தில் தொங்கும் அகன்ற அலங்காரப் பட்டை எல்லாமே இத்தாளில்தான். மஹிஷாசுரனுக்கும் நகை உண்டு. லக்ஷ்மி, சரஸ்வதி, கணபதி, கார்த்திகேயர் நால்வருக்கும் அவரவர் அளவில் தனித்தனியே செய்ய வேண்டும். பழைய முறைப்படி ஐவரும் ஒரே சட்டத்தில், ஒரே வளைவின் கீழ் நிற்பார்கள். அந்த வளைவின் விளிம்புக்கும் மின்தாள் வேலை வேண்டும். மஹாளய அமாவாசையன்று தேவிக்குக் கண் எழுதுவது வழக்கம். நம் ஊர்ச் சிற்பிகள் செய்யும் கண் திறப்பைப் போன்றதே. அதற்குப் பிறகு இருக்கும் சில நாட்களுக்குள் சாஜ் வேலைக்காரர்கள் எல்லாவற்றையும் பொருத்தி முடிக்க வேண்டும். மண்ணுக்கு மூன்று மாதம். நகை பூட்ட ஒரு வாரம்.

தேவிக்குப் போலி நகையா என்று ஒரு கேள்வி எழலாம். பழனியிலும் மதுரையிலும் தங்கக் கவசமும் வைரக் கிரீடமும் கண்டு பழகிய கண்களுக்கு அது இயல்பே. ஆனால் சந்தனக் காப்பையும் வெண்ணெய்க் காப்பையும் நினைத்துப் பார்த்தால் விடை அருகிலேயே இருக்கிறது. அர்ச்சகர் பல மணி நேரம் நின்று சாற்றிய சந்தனம் மறுநாள் கரைகிறது. உருகும் என்று தெரிந்துதான் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாற்றப்படுகிறது. குமார்டுலியின் மின்தாளும் அந்த வரிசையில் வருவதுதான். பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் நகைக்குக் காவல் வேண்டும், கணக்கு வேண்டும். தசமியன்று ஆற்றோடு போகும் நகைக்கு அவை எதுவும் வேண்டியதில்லை.

தக்கை வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்று டாகேர் சாஜில் இரண்டும் கலந்தே வருகின்றன. வெண்தக்கை இதழ்களுக்கு நடுவே மின்தாள். ஷோலா என்பது சதுப்பு நிலத்தில் வளரும் செடி. பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால் போன்ற வெண்மை. நம் தஞ்சைப் பகுதியில் இதே இனத்துச் செடியைத்தான் நெட்டி என்கிறோம். மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளின் கழுத்தில் போடும் நெட்டி மாலையும், கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பெரிய கோயில் வடிவமும் அதில் செய்பவையே. வங்கத்தில் இவ்வேலை செய்வோர் மாலாகார் எனப்படுவர். அவர்களிடம் ஒரு புராணக் கதை வழங்குகிறது. பார்வதி கல்யாணத்துக்குத் தமக்கு வெண்ணிறக் கிரீடம் வேண்டும் என்று சிவபெருமான் விரும்பினார். அதற்காக நீர்நிலையில் ஷோலா முளைத்தது. ஆனால் கடினமான பொருள்களையே கையாண்டு பழகிய விச்வகர்மாவுக்கு அந்த மென்மை வசப்படவில்லை. பெருமான் தம் கையிலிருந்து ஒரு ரோமத்தை எடுத்துக் குளத்தில் இட, அதிலிருந்து ஓர் இளைஞன் தோன்றிக் கிரீடம் செய்து தந்தான். அவன் வழிவந்தவர்களே மாலாகார்கள். வங்காளி மணமகன் இன்றும் ஷோலாவில் செய்த கூம்பு வடிவக் கிரீடத்தைத் தரித்தே மணவறைக்கு வருகிறான்.

இந்த அலங்காரத்தைப் பழைய முறையிலேயே தரிசிக்க விரும்புவோர் புதுமைப் பந்தல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. குமார்டுலியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஷோபாபஜார் அரண்மனை இருக்கிறது; ராஜா நவகிருஷ்ண தேவ் அங்கே பூஜையைத் தொடங்கியது பிளாசிப் போர் நடந்த 1757ஆம் ஆண்டில். சற்று வடக்கே பாக்பஜார் பொதுப் பூஜை நூறாண்டைக் கடந்தது. உயர்ந்த ஒற்றைச் சட்டத்தில் டாகேர் சாஜுடன் அங்கே அம்பிகை நிற்கும் கோலமே அந்தப் பூஜைக்குப் பெயர் தேடித் தந்தது. அதே பாக்பஜாரில் அன்னை சாரதா தேவியார் 1909 முதல் தங்கியிருந்து 1920இல் ஜோதியில் கலந்த ‘உத்போதன்’ இல்லமும் உள்ளது. ராமகிருஷ்ண பக்தர்களுக்கு இன்னொரு செய்தியும் மகிழ்ச்சி தரும். 1901இல் சுவாமி விவேகானந்தர் பேலூர் மடத்தில் துர்கா பூஜை நடத்தக் கடைசி நேரத்தில் தீர்மானித்தபோது, குமார்டுலியில் ஒரே ஒரு படிமம்தான் மிச்சம் இருந்தது. செய்யச் சொன்னவர் வந்து பெற்றுக்கொள்ளாமல் விட்ட படிமம் அது. அந்தத் தேவியே மடத்தின் முதல் பூஜைக்கு எழுந்தருளினாள். சங்கல்பம் அன்னையின் பெயரில் செய்யப்பட்டது.

கொல்கத்தா துர்கா பூஜையை 2021 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை சந்துக் கடைகளின் கணக்குப் புத்தகத்தை எட்டுவது எளிதன்று. ரத யாத்திரையை ஒட்டி வரும் அச்சாரம் சிறு தொகை. பொருள் வாங்கக் கடன். மீதிப் பணம் கைக்கு வருவது பூஜை சமயத்தில். மூன்று மாத வேலையில் ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டிய தொழில் இது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வீட்டுப் பெண்கள் சமையலுக்கு நடுவே மணி கோப்பதும் சம்கி ஒட்டுவதும் பெரும்பாலும் கூலிக் கணக்கிலேயே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இன்றைய மின்தாள்களில் பல, ஈயமோ வெள்ளியோ அல்ல. உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக். தக்கைக்குப் பதில் தெர்மோகோல். விலை குறைவு, பளபளப்பு அதிகம், மழையில் நனைந்தாலும் சுருங்காது. ஆனால் கங்கையில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பூக்களையும் அலங்காரப் பொருள்களையும் கழற்றிய பிறகே படிமத்தை நீரில் விட வேண்டும். 2020இல் திருத்திய நெறிமுறை தெர்மோகோலையும் விலக்கியது. கொல்கத்தாவின் படித்துறைகளில் படிமம் நீரில் இறங்கியதுமே சட்டத்தைப் பளுதூக்கியால் வெளியே எடுத்துவிடுகிறார்கள். நகையோடு அனுப்பி வைத்த மகளிடமிருந்து கரையிலேயே நகையைக் கழற்ற வேண்டியிருப்பது முதிய தாய்மார்களுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆற்றின் நிலையைப் பார்த்தால் வேறு வழியும் இல்லை. நெட்டியும் காகிதமும் மட்டுமே கொண்டு மின்னாத அலங்காரம் செய்யும் கைவினைஞரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் குடும்பங்கள் பெருகினால் சிக்கலில் பாதி தீரும்.

தசமி மாலையில் சுமங்கலிப் பெண்கள் தேவியின் நெற்றியிலும் திருவடியிலும் குங்குமம் இட்டு, இனிப்பு ஊட்டி, வெற்றிலையால் முகம் துடைத்து விடை கொடுக்கிறார்கள். ஷோபாபஜார் அரண்மனைப் படிமத்தை இரண்டு படகுகளுக்கு நடுவே ஏற்றி ஆற்றின் நடுவுக்குக் கொண்டுபோய், படகுகளை விலக்கிக் கங்கையில் இறக்குவது பழைய வழக்கம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஹௌரா மெயிலில் ஒரு நாளுக்குச் சற்று மேல் பயணம். ஷோபாபஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து குமார்டுலி நடக்கும் தொலைவே. அதே மெட்ரோப் பாதையில் தெற்கே காளிகட்டமும் வடக்கே தக்ஷிணேசுவரமும் இருப்பதால், மூன்று இடங்களையும் அலைச்சலின்றிச் சேவிக்கலாம். சந்துகள் குறுகலானவை, மழைக்குப் பின் சேறு வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியோடு காலை வேளையில் செல்வது நல்லது. சாஜ் வேலையைக் காண மஹாளயத்துக்கு முந்திய வாரமே உகந்தது. அப்போது வர இயலாதவர்கள் விஜயதசமிக்குப் பின் வந்தாலும் வீணில்லை. பௌர்ணமியன்று லக்ஷ்மி பூஜை, அமாவாசையில் காளி பூஜை, அதற்கு அடுத்து ஜகத்தாத்ரி பூஜை என்று கத்தரிக்கும் பசைக்கும் ஓய்வு கிடைக்க ஐப்பசி கழிந்துவிடுகிறது.