ஒரே கடல், இரண்டு விலை

கேரளத்தின் தென்கோடியில் உள்ள கோட்டுகால் கரையில் கடலின் தூரத்தை மண்ணெண்ணெய் கேன்கள்தான் அளக்கின்றன

அடிமலத்துறை மணலில் விடிவதற்கு வெகு முன்பே நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. ஃபைபர் வள்ளங்களில் முதலில் வலை ஏறுகிறது. பிறகு தூண்டில் கயிறுகள், ஐஸ் பெட்டி, குடிதண்ணீர். என்ஜினைத் தோளில் சுமந்து வந்து வள்ளத்தின் பின்புறம் மாட்டுகிறார்கள். கடைசியாக வருபவை மண்ணெண்ணெய் கேன்கள். அன்றைக்கு எவ்வளவு தூரம் போகலாம், மீன் இல்லையென்றால் அடுத்த இடம் தேடலாமா, வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா என்பதையெல்லாம் அந்தக் கேன்களின் எண்ணிக்கை கரையிலேயே முடிவு செய்துவிடுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது கோட்டுகால் பஞ்சாயத்து. (கொல்லம் மாவட்டத்தில் குடைவரைக் கோயிலுக்குப் பெயர்பெற்ற கோட்டுக்கல் வேறு.) உள்ளே தென்னையும் வாழையும் மரச்சீனியும். மேற்கே நடந்தால் செம்மண் மேடு சட்டென்று முடிந்து, கீழே கடல். மேட்டின் மீது சொவ்வராப் பக்கம் ஆயுர்வேத விடுதிகள். வெளிநாட்டுக்காரர்கள் எண்ணெய்க் குளியலுக்கு வருகிறார்கள். அருகே ஆழிமலையில், 2020 கடைசியில் கட்டி முடிக்கப்பட்ட 58 அடி உயர கங்காதரேஸ்வரர் சிலையைப் பார்க்கப் பெருங்கூட்டம். மேட்டுக்குக் கீழே, மணலை ஒட்டி நெருக்கியடித்த வீடுகளில் மீனவர்கள். மேலே ஓர் எண்ணெய்; கீழே வேறோர் எண்ணெய்.

தமிழ்நாட்டு எல்லை இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள். கரையோடு தெற்கே போனால் நெய்யாறு கடலில் கலக்கும் பூவார். அதைத் தாண்டினால் கேரளத்தின் கடைசி மீனவ கிராமமான பொழியூர். அதற்கடுத்த நீரோடி கன்னியாகுமரி மாவட்டம். மணலில் நடந்து போகிறவருக்கு எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்று தெரியாது. இரு பக்கமும் அதே முக்குவர் சமூகம், அதே கத்தோலிக்கக் கோயில்கள், அதே கொடுக்கல் வாங்கல், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகள். பேச்சு மலையாளமானாலும் வள்ளம், தூண்டில், மடி, பார் என்று தொழிலுக்கான சொற்களைத் தமிழர் யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கோடு 1956 நவம்பர் 1-ம் தேதி விழுந்தது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும். நெய்யாற்றின்கரை கேரளத்தோடு தங்கியது. நிலத்தில் விழுந்த அந்தக் கோடு தங்கள் என்ஜின்களுக்குள்ளும் ஒருநாள் நுழையும் என்று அன்றைய மீனவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. காரணம் எளிது: அப்போது அவர்களிடம் என்ஜின் இல்லை.

காற்றுக்கு விலை இல்லை

அந்நாளில் இந்தக் கரையின் வாகனம் கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, பாய் விரித்தால் போதும். விடியலுக்கு முன் கரையிலிருந்து வீசும் காற்று கடலுக்குள் கொண்டுபோகும். பிற்பகலில் கடற்காற்று திருப்பிக் கொண்டுவரும். போக்குவரத்துச் செலவு என்ற கணக்கே கிடையாது. கரையில் நின்று இரு முனைகளையும் ஆட்கள் இழுக்கும் கரமடி வலைக்கும் எரிபொருள் தேவையில்லை; கூட்டுப் பலம்தான் தேவை. கரமடி இன்றும் அங்கங்கே உண்டு.

1980-களின் தொடக்கத்தில் வெளிப்பொருத்து என்ஜின்கள் வந்தன. மீன்பிடித் தொழிலை இயந்திரமயமாக்கும் திட்டம் கேரளத்தில் 1953-லேயே இந்திய-நார்வே கூட்டு முயற்சியாகக் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிவிட்டது. அங்கிருந்து பெருகிய விசைப்படகுகள் கரையோர மீனை அள்ளிக்கொண்டு போக, கட்டுமரக்காரர்களுக்கு இரண்டே வழிகள்: தொழிலை விடுவது, அல்லது இன்னும் தொலைவு போவது. தொலைவு போக என்ஜின் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கிய பிளைவுட் வள்ளங்கள் அதற்கு வசதியாக அமைந்தன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்ஜின்களைத் தருவித்துக் கொடுத்தது. பிளைவுட்டுக்குப் பிறகு ஃபைபர். ஒரு தலைமுறைக்குள் பாய்கள் சுருட்டப்பட்டுவிட்டன.

குடிக்கும் குதிரைகள்

இந்தக் கரையில் பரவலாக ஓடுவது 9.9 குதிரைசக்தி இரட்டை வீச்சு என்ஜின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மசகு எண்ணெயையும் எரிபொருளோடு கலந்தே ஊற்ற வேண்டும். புகை அதிகம், தேய்மானம் அதிகம், தாகமும் அதிகம். முழு வேகத்தில் விரட்டினால் மணிக்கு நான்கைந்து லிட்டர் உறிஞ்சும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்றாலே இருபது லிட்டர் போய்விடும். இரண்டு என்ஜின் மாட்டிய வள்ளமானால் நாற்பது. வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பதற்கும், மீன் கூட்டத்தைத் துரத்துவதற்கும் ஆகும் எண்ணெய் தனி.

தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிடலாம். கடலில் அப்படி முடியாது. நீரோட்டம் எதிர்த்தால் அதே தூரத்துக்குக் கூடுதல் எண்ணெய். வள்ளத்தின் அடியில் பாசியும் கொட்டலசும் பிடித்திருந்தால் இன்னும் கூடுதல். போகும்போது ஐஸ் கனம், வரும்போது, அதிர்ஷ்டம் இருந்தால், மீன் கனம். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவாளி வேகம். சுமையேறிய வள்ளத்தின் வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சமாகும் என்பது படகு வடிவமைப்பாளர்களின் பாலபாடம். சிறு படகுகளில் எரிபொருள் சேமிப்பது பற்றி ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2012-ல் ஒரு கையேடே வெளியிட்டது. அதை எழுதிய நார்வேக்காரர் குல்பிராண்ட்சன், சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் பணியாற்றியவர்.

ஆனால் மெதுவாக வா என்று சொல்வது எளிது. முதலில் கரை சேரும் வள்ளத்துக்கு ஏலத்தில் நல்ல விலை. கடைசியில் வருவதற்கு மிச்ச விலை. ஆகவே திரும்பும்போது எல்லோரும் விரட்டுகிறார்கள். எண்ணெயில் இழப்பதை மீன் விலையில் எடுக்கலாம் என்ற கணக்கு சில நாள் பலிக்கிறது. பல நாள் பலிப்பதில்லை.

மிச்சம் பிடிக்கும் பழைய வித்தை ஒன்றும் இந்த மீனவர்களிடம் உண்டு. அதற்குப் பெயர் கணிச்சம். கரையில் தெரியும் ஒரு மலைமுகட்டையும் ஒரு கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் நிறுத்தி, வேறு திசையில் இன்னொரு ஜோடியையும் பொருத்தினால், இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் நீருக்கடியில் மீன் தங்கும் பார் இருக்கும். தேடி அலையாமல் நேரே போய் நிற்கலாம். இப்போது அந்த வேலையை ஜி.பி.எஸ். கருவி செய்கிறது. மீன் கூடக்கூடிய பகுதிகளைச் செயற்கைக்கோள் தகவல்களை வைத்து ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் அறிவிக்கிறது. கருவி எதுவானாலும் நோக்கம் ஒன்றே: தேடும் நேரம் குறைந்தால் கேனில் மிச்சம்.

ஆடி மாதத்து இடப்பெயர்ச்சி

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அடிமலத்துறையில் அலை வள்ளத்தை இறக்க விடாது. ஆனால் மீனுக்கு அதுதான் காலம். கேரளத்தில் ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்கு 52 நாள் தடை. பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடையில்லை. கணவாயும் வாளையும் கிளிமீனும் குவியும் பருவம். எனவே தெற்கே பொழியூர் தொடங்கிப் பல கிராமங்களின் வள்ளங்கள் அலைதடுப்புச் சுவரின் பாதுகாப்புள்ள விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் குவிகின்றன.

அடிமலத்துறையிலிருந்து விழிஞ்ஞம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனாலும் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்களையும் வலையையும் எண்ணெயையும் கொண்டுபோக டெம்போ வாடகை, பிடித்த மீனைக் கொண்டுவர இன்னொரு வாடகை. அமெரிக்காவில் வார இறுதித் தூண்டில்காரர்கள் சொந்தப் படகை டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். படகை இழுப்பதால் பெட்ரோல் எவ்வளவு கூடுதலாகிறது என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்குக் கணக்கு. இங்கே கடலில் ஒரு செலவு, தரையில் ஒரு செலவு என்பது பிழைப்புக் கணக்கு.

கோட்டுகாலுக்கு வடக்கே முல்லூரை ஒட்டி எழுந்துள்ள விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் இந்தக் கணக்கில் இன்னொரு வரியைச் சேர்த்தது. கரையருகிலேயே 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம் இருப்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இது. 2015 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ம் தேதி பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். கடலுக்குள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளும் அதன் அலைதடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்பது மீனவர்களின் புகார். ஒருமுறை சுற்றினால் பெரிய விஷயமில்லை. தினமும் சுற்றினால் அதுவும் கேன் கணக்குதான்.

இருபத்தைந்து என்ற எண்

மண்ணெண்ணெய் ஒருகாலத்தில் ஏழைகளின் எரிபொருள் என்ற மரியாதையோடு மலிவாக இருந்தது. 2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெய் விலையைச் சிறுகச் சிறுக ஏற்றிய மத்திய அரசு, 2020-ல் மானியச் சுமையிலிருந்து முழுதாக விடுபட்டது. பிறகு உலகச் சந்தை உயரும்போதெல்லாம் கேனும் உயர்ந்தது. கேரளத்தில் 2022 ஏப்ரலில் லிட்டருக்கு ஒரேயடியாக ரூ. 22 கூடி ரூ. 81 ஆனது. ஜூலையில் நூறைத் தாண்டியது. அளவுக்கு மேல் வேண்டுமென்றால் வெளிச்சந்தையில் இன்னும் கூடுதல் விலை.

எல்லையின் மகிமை இங்கேதான் தெரிகிறது. 1984-ல் உருவான மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட் மூலம் கேரள அரசு அப்போது தந்த மானியம் லிட்டருக்கு 25 ரூபாய். தமிழ்நாட்டிலும் அதே 25 ரூபாய்தான். ஒரே வித்தியாசம்: தமிழ்நாட்டில் அது மானியமல்ல, விலை. அதாவது ஒருபுறம் விலையிலிருந்து கழிப்பது 25. மறுபுறம் கொடுப்பதே 25. இரு மாநிலங்களிலும் இந்தச் சலுகை குறிப்பிட்ட அளவுக்குத்தான். அந்த அளவுக்குள் நாற்பது லிட்டர் வாங்கினால் நீரோடியில் ஆயிரம் ரூபாய். லிட்டர் நூறு என்று வைத்துக்கொண்டால், மானியம் போக அடிமலத்துறையில் மூவாயிரம். இரு வள்ளங்களும் ஒரே கடலில், கூப்பிடு தூரத்தில் தூண்டில் போடுகின்றன. மீனுக்கு மாநிலம் கிடையாது.

2022 ஆகஸ்ட் 16-ம் தேதி திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் முல்லூரில் துறைமுக வாயிலை மறித்துத் தொடங்கிய போராட்டத்தில் ஏழு கோரிக்கைகள் இருந்தன. கடலரிப்பு, வீடிழந்தவர்களுக்கு மறுவாழ்வு ஆகியவற்றோடு, தமிழ்நாட்டைப் போல் மண்ணெண்ணெய் தர வேண்டும் என்பதும் ஒன்று. நவம்பர் 27-ல் விழிஞ்ஞம் போலீஸ் நிலையம் தாக்கப்படும் அளவுக்குப் போன அந்தப் போராட்டம் டிசம்பர் 6-ல் முடிவுக்கு வந்தது. தேசிய நாளேடுகளில் துறைமுகமும் வன்முறையும் தலைப்பானது. மண்ணெண்ணெய் கடைசிப் பத்தியில் தங்கியது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வரிசை தலைகீழ். எண்ணெய் வாங்கக் கையில் காசில்லாதவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். முன்பணம் கொடுத்தவர் மீனுக்கு விலை சொல்கிறார். மீன் வராத நாளில் கேன் காலியாகிறது, கடன் நிறைகிறது.

சாலையில் ஏறிய வள்ளங்கள்

இதே வள்ளங்கள் லாரியில் ஏறி நூறு கிலோமீட்டருக்கும் மேல் போன ஒரு சமயமும் உண்டு. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் மத்திய கேரளத்தை மூழ்கடித்தபோது, விழிஞ்ஞம், பூவார் உட்பட இந்தக் கரையிலிருந்து வள்ளங்கள் என்ஜினோடும் எண்ணெயோடும் செங்ஙன்னூர்ப் பக்கம் பறந்தன. மாநிலம் முழுவதும் 669 வள்ளங்களில் போன 4,537 மீனவர்கள் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதாகக் கணக்கு. எரிபொருளோடு ஒரு வள்ளத்துக்கு நாளுக்கு ரூ. 3,000 தருவதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். காப்பாற்றியதற்குக் கூலியா என்று பணத்தை மறுத்தவர்களும் உண்டு. நெல்வயலிலும் வீட்டு முற்றத்திலும் ஓடிய அந்த என்ஜின்கள் எத்தனை லிட்டர் குடித்தன என்று அன்று யாரும் எண்ணவில்லை.

மாற்று வழிகள் பேசப்படுகின்றன. பெட்ரோலில் ஓடும் நான்கு வீச்சு என்ஜின்கள் குறைவாகக் குடிக்கின்றன. ஆனால் பெட்ரோலும் கேரளத்தில் நூறு ரூபாய்க்கு மேல், புது என்ஜினுக்குப் புதுக் கடன். எல்.பி.ஜி.யில் ஓட்டும் சோதனைகளும் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் முதல் வேண்டும், முதல்தான் இல்லை.

வீடுகளுக்கு மின்சாரமும் காஸ் சிலிண்டரும் வந்தபின் மண்ணெண்ணெய்க்கு இனி வேலையில்லை என்பது டில்லியின் வாதம். சமையலறையைப் பொறுத்தவரை அது சரி. கோட்டுகாலிலும் இன்று அடுப்பு காஸில்தான் எரிகிறது. ஆனால் அந்த அடுப்பில் ஏறும் சட்டிக்குள் என்ன விழும் என்பதை முடிவு செய்வது இன்னமும் மண்ணெண்ணெய்தான். அரசாங்கக் கோப்பில் அது விளக்கெரிக்கும் எண்ணெயாகவே இருக்கும் வரை, எல்லையின் இந்தப் பக்கம் ஒரு விலையும் அந்தப் பக்கம் ஒரு விலையுமாகக் கடல் பிரிந்தே கிடக்கும்.