மாமியின் கொக்கி

2006-ல் எங்கள் குடியிருப்பின் முதியோர் சங்கத்துக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்' என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் ஃபேன் ரிப்பேருக்குக்கூடக் கூப்பிடுவார்கள். வீம்புக்கு சி மொழியில் ப்ரோக்ராம் எழுதி, தமிழிலேயே நாற்பது அட்டை அடித்தேன். மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினாள் ராஜலட்சுமி மாமி. வயது எழுபத்தெட்டு.

'யார் இது, ராஜலட்சும? கடைசிக் கொக்கியை எங்கே தொலைச்சேள்? நான் படிச்சது மூணாங் கிளாஸ். தப்பில்லாம எழுத வர்றது என் பேர் ஒண்ணுதான். அதையும் குறைச்சுட்டேளே!'

பெயருக்குப் பத்து அறை ஒதுக்கியிருந்தேன். ரா-ஜ-ல-ட்-சு-மி. ஆறெழுத்து. நீங்களாக இருந்தாலும் பத்து தாராளம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

சி மொழியில் ஓர் எழுத்துக்குக் கொடுக்கும் சாதாரண அறை ஒரு பைட். 256 மதிப்புகள்தான் கொள்ளும். நம் 247-ம் அடங்கும்போலத் தோன்றும். ஆனால் ஆங்கிலமும் கூடவே குடியிருக்க வேண்டுமே. அதனால் 'வைட் கேரக்டர்' என்று அகலமான அறை வந்தது. அதைக் கையாளும் ஃபங்ஷன்களை 1995-ல் ஒரு திருத்தமாகச் சேர்த்தார்கள். 'ஸ்டர்லென்' பைட்டை எண்ணும். யுடிஎஃப்-8-ல் மாமி முப்பது பைட். அகல எழுத்துக்கான 'டபிள்யூசிஎஸ்லென்' பத்து என்று சொல்லும்.

ஆறு எப்படிப் பத்தாயிற்று? யூனிகோட் 'மி'க்குத் தனி எண் தரவில்லை. 'ம' ஓர் எண், கொக்கி ஓர் எண். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். யூனிகோட் தலைகீழ்: 'ட'தான் முதல், அதன் தலையில் புள்ளி வைத்தால் 'ட்'. ஆக ரா, ட், சு, மி நாலுக்கும் இரண்டிரண்டு அறை. மொத்தம் பத்து. சரம் முடிந்தது என்று காட்ட ஒரு பூஜ்யம் வேண்டும், பதினொன்று. பத்தாவது அறையில் பூஜ்யம் உட்கார்ந்துகொள்ள, கொக்கி தெருவுக்கு வந்துவிட்டது. பூஜ்யத்தையும் மறந்திருந்தால் மாமியின் ரத்த வகைகூடப் பெயரோடு ஒட்டி வந்திருக்கலாம்.

அகல அறையின் அகலமும் ஊருக்கு ஊர் வேறு. விண்டோஸில் இரண்டு பைட், லினக்ஸில் நான்கு. நம் அன்றாடத் தமிழுக்கு இரண்டே போதும். ஆனால் முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளை 2019-ல் யூனிகோடில் சேர்த்தபோது மேல்மாடியில் இடம் கொடுத்தார்கள். விண்டோஸில் அவற்றுக்கு ஆளுக்கு இரண்டு அறை. ஒரு ரூபாயில் 320-ல் ஒரு பங்குக்கு வந்த வாழ்வு!

வீட்டில் கம்பைலர் இருந்தால் 'விகடகவி'யை அகல எழுத்துகளாகத் திருப்பிப் பாருங்கள். முன்னால் அநாதையாக ஒரு கொக்கி, பின்னால் 'வகடகிவ'. தெனாலிராமனுக்கே அவமானம். 'கோ'வை ஒரே குறியாகவும் போடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடச் சொன்னால் இரண்டு கோபாலும் வேறு வேறு ஆள் என்று சாதிக்கும்.

அன்றைக்கே அறைகளை 64 ஆக்கினேன். அதற்கும் மேல் பெயர் நீண்டால், வெட்டும் இடத்துக்கு அடுத்து நிற்பது புள்ளியோ காலோ கொக்கியோ என்று பார்த்து, ஆமென்றால் ஓர் எழுத்து பின்வாங்கி வெட்டும்படி நாலு வரி சேர்த்தேன். நாற்பதையும் மறுபடி அடித்தேன், என் செலவில்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது அட்டையில் விரல் வைத்து எண்ணினாள். 'ஆறு. சரியா இருக்கு.' வாசல்வரை போனவள் திரும்பினாள்.

'ஆமா, இனிஷியல் எங்கே?'