படுத்துக்கிடந்த விவசாயி

நேற்று ராத்திரி தம்பி மகளிடம் கார்கசோன் ஆடித் தோற்றேன்.

தெற்கு பிரான்சின் பழைய கோட்டை நகரத்தின் பெயர் அது. அதை வைத்து ஜெர்மானியர் கிளவுஸ்-யுர்கன் விரேட உருவாக்கி, 2000-இல் வந்த விளையாட்டு. மொத்தம் 72 சதுர அட்டைகள். முறை வரும்போது ஒன்றை எடுத்து, சாலைக்குச் சாலை, மதிலுக்கு மதில் பொருந்த வைக்க வேண்டும். வெறும் மேஜையில் மெல்ல மெல்ல ஒரு நாடு விரியும்.

கையில் இருப்பதோ ஏழே ஏழு மர ஆட்கள். நகரத்தில் நிறுத்தினால் வீரன், சாலையில் வழிப்பறிக்காரன், மடத்தில் துறவி. வேலை முடிந்தால் ஆள் கைக்குத் திரும்புவான். வயலில் படுக்கவைக்கும் விவசாயி மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவே மாட்டான்.

நான் மதில் மதிலாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஆரம்பத்திலேயே ஒரே ஒரு விவசாயியைப் படுக்கவைத்தாள். "ஒரு ஆளை வீணாக்கிட்டியே" என்று சிரித்தேன்.

முடிவில் கணக்குப் போட்டோம். வயலை ஒட்டி முடிந்த ஒவ்வொரு நகரத்துக்கும் 3 புள்ளி. ஆறு நகரங்கள், 18 புள்ளி. அதில் நான்கு நான் கட்டியவை!

"நீங்க ஊரைக் கட்டினீங்க பெரியப்பா, சோறு போட்டது என் ஆளுதானே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு மறுபடி ஆடுகிறோம்.