ஒரு கூரை, பல வாசல்கள்

மலைநாட்டு லயங்களிலே பல காம்பராக்களுக்கும் ஒரே தகரக் கூரைதான். ஒரு தகரம் துருப்பிடித்தால் மழைநீர் இடைச்சுவரில் ஊறி அடுத்த வீட்டையும் நனைக்கும். என் மாணவி ஒருத்தியின் குறிப்பேடுகள் அவ்வாறு நனைந்தன. அவள் தாயார் அயலாரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். குற்றம் அயலாருடையதா?

தொடர்மாடி வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உண்டு; பொதுக் கூரையை உரிமையாளர் யாவரும் கூட்டாகப் பேணவேண்டும். லயத்தில் வாழ்வோரோ உரிமையாளர் அல்லர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பொறுப்புக் கைமாறியது; ஒழுக்கு மாறவில்லை.

ஆதலால் அயலாரோடு பிணங்குதல் வீண். லயத்தார் யாவரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுத் தோட்டக் கந்தோரில் கொடுத்து, திகதியிட்ட பிரதியைப் பேணுக. அம்மனுவை எழுதிக் கொடுப்பது கற்ற பிள்ளைகளின் கடன்.